கம்ப்ரஷன் நல்லாருக்கு, ஆனா ஆயில் காணோமே!

கேள்வி: வணக்கம் சார். என்கிட்ட இருக்கிறது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இப்ப 92,000 கி.மீ. ஓடியிருக்கு. போன சர்வீஸ்ல இருந்து 4,000 கி.மீ.ல ரெண்டரை லிட்டர் ஆயில் ஊத்திட்டேன். கீழ ஒரு சொட்டு ஒழுகல. மாசம் ரெண்டு தடவ வால்பாறை போய் வருவேன், மேல ஏறும்போது ஒண்ணும் தெரியல, ஆனா 40 கொண்டை ஊசியும் இறங்கி ஆழியார் வந்து ஆக்சிலேட்டர மிதிச்சா நீலப் புகை வருது, பின்னாடி வர்ற பைக்காரர் மூக்கப் பொத்துறார். ஷெட்ல கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தாங்க, நாலு சிலிண்டரும் 175 பிஎஸ்ஐ பக்கத்துல காட்டுது, ரிங் நல்லாருக்கு, டர்போ ஹோஸ்ல ஆயில் இருக்கு, அதனால டர்போதான் போச்சு, மாத்திடலாம்னு சொல்றாங்க. மாத்திடலாமா? (தினமும் காலைல வீட்டு போர்டிகோவுலயே டிப்ஸ்டிக் பாத்துடுவேன், போர்டிகோ கொஞ்சம் சரிவு.)
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டீங்களா சார்? கொடுக்கலைன்னா ரெண்டு வாரம் பொறுங்க.

முதல்ல அந்த ஹோஸ் விஷயம். டர்போ வண்டில அந்த ஹோஸ கழட்டி விரல விட்டா பிசுபிசுன்னு எண்ணெய் ஒட்டத்தான் செய்யும், ஏன்னா இன்ஜினோட பிரீதர் காத்து ஆயில் ஆவியோட டர்போ வாய்க்கிட்ட வந்துதான் சேருது, நல்ல வண்டிலயும் அப்படித்தான். டர்போ காத்த குளிர வைக்கிற இன்டர்கூலருக்குக் கீழ இருக்கிற ஹோஸ கழட்டுனதும் கால் டம்ளர், அரை டம்ளர்னு கொட்டுச்சுன்னா அப்ப டர்போவ சந்தேகப்படலாம். விரல்ல பசை இருக்குன்னு எழுபதாயிரம் எண்பதாயிரத்துக்கு பில் போடறதெல்லாம் ரொம்ப ஓவர்.

அடுத்தது கம்ப்ரஷன். இங்கதான் பாதி பேர் சறுக்குறாங்க. பிஸ்டன்ல மூணு ரிங் இருக்கு, மேல ரெண்டு காத்தப் பிடிக்கிறதுக்கு, மூணாவது ரிங் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயில வழிச்சு, கீழ ஆயில் தேங்குற சேம்பருக்கு அனுப்புறதுக்கு. கம்ப்ரஷன் மீட்டர் பாக்குறது மேல ரெண்டு ரிங்கையும் வால்வையும்தான். மூணாவது ரிங் கரி பிடிச்சு காடில இறுகிப்போய், அதுக்குப் பின்னாடி ஆயில் திரும்பிப் போற சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிட்டு கெடந்தாலும் மீட்டர் 175னு சிரிச்சுக்கிட்டே காட்டும், சொல்லப்போனா சிலிண்டர் சுவத்துல ஆயில் நிறைய இருக்கிறதால கொஞ்சம் தூக்கலாவே காட்டும். அதனால கம்ப்ரஷன் நல்லாருக்கு, ஆகவே ரிங் நல்லாருக்குங்கிற கணக்கு தப்பு.

உங்க லெட்டர்ல எனக்குப் பிடிச்ச வரி அந்த பைக்காரர் மூக்கப் பொத்துறதுதான். மலை இறங்கும்போது ஆக்சிலேட்டர்ல காலே வைக்காம கியர்ல விட்டு வர்றீங்க இல்லையா, அப்ப த்ராட்டில் (இன்ஜினுக்குள்ள காத்து விடுற கதவு) மூடியிருக்கு, இன்டேக் பக்கம் பயங்கரமா இழுக்கும், அந்த இழுப்புல ரிங் வழியாவும் வால்வு கைடு வழியாவும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஏறி உக்காந்துக்கும், கீழ வந்து மிதிச்சதும் மொத்தமா எரியுது. டர்போ த்ராட்டிலுக்கு முன்னாடி இருக்கு, அதனால இந்த இழுப்பு அது வரைக்கும் போகாது. டர்போ சீல் ஒழுகுற வண்டி பெரும்பாலும் சிக்னல்ல, ஐடில்ல ரொம்ப நேரம் நின்னுட்டு கிளம்பும்போதுதான் புகை விடும். காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் ஒரு பஃப் விட்டுட்டு நின்னுச்சுன்னா வால்வு சீல் பக்கம் பாக்கலாம். நீங்க மத்த நேரத்துல புகை வருதான்னு எழுதல, வீட்ல யாரையாவது பின்னாடி நிக்க வெச்சுப் பாருங்க.

இப்ப என்ன பண்ணணும்னா, முதல்ல அளவு. போர்டிகோ சரிவுல பாக்காதீங்க சார், அரை விரல் சாஞ்சாலே டிப்ஸ்டிக் பொய் சொல்லும். எப்பவும் ஒரே பெட்ரோல் பங்க்ல, சமதரைல, வண்டி நல்லா சூடாகி ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. மேல்கோடு வரைக்கும் நிரப்பிட்டு 1,000 கி.மீ. ஓட்டிட்டு, திரும்ப மேல்கோடு வர எத்தன மில்லி ஊத்துனீங்கன்னு எழுதுங்க. (நிறைய வண்டில ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சுமார் ஒரு லிட்டர்.) சில ஜெர்மன் கம்பெனி மேனுவல்ல 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரைக்கும் இருக்கலாம்னே போட்டிருக்கும், நான் அத ஒத்துக்க மாட்டேன், ஆனா சர்வீஸ் அட்வைசர் அதத்தான் காட்டுவார். உங்க கணக்குக்கு 600 மில்லிக்கு மேல வருது, அவங்க மேனுவலையே தாண்டிடுச்சு.

அதோட பைசா செலவில்லாம ஒண்ணு பாக்கலாம். இன்ஜின் ஐடில்ல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடிய லேசா தூக்குங்க. மூடி ஆடி ஆடி புஸ்சு புஸ்சுன்னு காத்து அடிச்சா அது பேக் கம்ப்ரஷன், மேல் ரிங்கும் தேஞ்சிருக்கு. அப்படி இல்லாம மூடி கையோட வரவே மாட்டேங்குது, உள்ளுக்குள்ள இழுக்குது, விசில் மாதிரி சத்தம் வேற வருதுன்னா, பிரீதர் காத்த இன்டேக்குக்கு அனுப்புற பிசிவி வால்வுக்குள்ள இருக்கிற ரப்பர் டயஃப்ரம் கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அது கிழிஞ்சாலும் நீங்க சொல்ற அதே மலை இறக்கத்துப் புகை வரும், இன்டேக் நேரா சேம்பர்ல இருந்து ஆயில் ஆவிய உறிஞ்சுமே! டர்போ விலைய ஒப்பிட்டா இதெல்லாம் சில்லறை, அதனால இதுதான் முதல்ல.

அப்புறம் நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா ஒரு துணில வைக்கச் சொல்லுங்க, எது எந்த சிலிண்டர்னு கலக்காம. ஒண்ணோ ரெண்டோ மட்டும் ஈரமா கருப்பா இருந்தா அந்த சிலிண்டரோட ரிங் இல்ல வால்வு சீல். நாலும் ஒரே மாதிரி ஈரமா இருந்தா பொதுவான வழில ஆயில் வருது, பிசிவி, இல்லைன்னா டர்போவோட காத்துப் பக்கம், இல்லைன்னா நாலுலயும் ரிங் ஒண்ணா இறுகியிருக்கு. பிளக் நாலும் சுத்தம், புகை மட்டும் வருதுன்னா டர்போவோட எக்ஸாஸ்ட் பக்கத்து சீல், அந்த ஆயில் சிலிண்டருக்கே வராது, நேரா சைலன்சருக்குப் போயிடும். பிளக் ஓட்டைலயே சின்ன கேமரா விட்டு பிஸ்டன் தலையப் பாக்கலாம், ஓரமா ஈரமும் நடுவுல கெட்டிக் கரியும் இருந்தா ஆயில் ரிங்தான்.

எனக்கென்னமோ ரிங் இல்லைன்னா பிசிவின்னுதான் தோணுது. செகண்ட் ஹேண்ட் வண்டி, முன்னாடி இருந்தவர் ஆயில எவ்ளோ நாள் இழுத்து ஓட்டுனாரோ. ரிங்தான்னா ஒரேயடியா இன்ஜின இறக்காதீங்க, பிளக் ஓட்டை வழியா கரி கரைக்கிற திரவத்த ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வெச்சு, அத வெளிய எடுத்துட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தி, அடுத்த ரெண்டு மூணு தடவ 5,000க்கே ஆயில் மாத்தி ஓட்டிப் பாக்கலாம். சிலதுல நல்லா குறையும், சிலதுல சுத்தமா கேக்காது, அப்ப பிஸ்டன் ரிங் வேலைதான். ஆனா இப்படியே ஊத்தி ஊத்தி ஓட்டவும் வேணாம், எரியுற ஆயில், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரக் காலி பண்ணிடும், அதுவும் விலை அதிகம்தான்.

இவ்வளவும் பாத்து டர்போதான்னு முடிவானா, மாத்துறதுக்கு முன்னாடி அதுல இருந்து சேம்பருக்கு இறங்குற ரிட்டர்ன் பைப்ப கழட்டிப் பாருங்க. டர்போல ரப்பர் சீல் கெடையாது, ஆயில் தன் எடைல கீழ இறங்குனாதான் உண்டு. எனக்கே ஒரு தடவ ஆச்சு, என் பழைய டீசல் வண்டிக்கு புது டர்போ போட்டு மூணாவது நாள் அதே புகை. கழட்டுனா ரிட்டர்ன் பைப் வாயில யாரோ எப்பவோ பூசுன கேஸ்கட் பேஸ்ட் உருண்டையா, சுண்டைக்காய் சைஸ்ல அடைச்சுக்கிட்டு நிக்குது. பழைய டர்போவ அதுக்குள்ள எக்ஸ்சேஞ்சுல கொடுத்தாச்சு.

கேள்வி: என் பிஎஸ்6 டீசல் கார்ல ஆயில் குறையவே மாட்டேங்குது, டிப்ஸ்டிக்ல ஏறிக்கிட்டே போகுது. நல்லதுதானே? ஸ்கூலுக்கும் கடைக்கும்தான் ஓடுது.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நல்லதில்லைங்க, அது டீசல். புகைல இருக்கிற கரியப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர்ல சேர்ற கரிய எரிக்க இன்ஜின் கூடுதலா டீசல் அடிக்கும், ரெண்டு கி.மீ. ஓடி ஆஃப் பண்ணிட்டா அந்த வேலை பாதில நின்னு, டீசல் சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு ஆயில்ல கலந்துடும். ஆயில் நீர்த்துப் போனா டர்போ பேரிங்தான் முதல்ல சாகும். மேல்கோட்டத் தாண்டியிருந்தா ஓட்டாம ஆயில மாத்துங்க, அப்புறம் வாரம் ஒரு தடவ திருநெல்வேலி ரோட்ல அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டிட்டு வாங்க. இன்னொண்ணு, ஆயில் அளவு மீறுன டீசல் இன்ஜின் சில சமயம் தன் ஆயிலையே எரிபொருளா இழுத்து கன்னாபின்னான்னு ரேஸ் ஆகும், சாவிய அணைச்சாலும் நிக்காது. மேனுவல் கியர்னா பிரேக்க அழுத்திப் பிடிச்சு டாப் கியர்ல கிளச்ச விட்டு அடக்கணும்.

கேள்வி: என் டர்போ பெட்ரோலும் ஆயில் குடிக்குது. கெட்டியா 20 டபிள்யூ 50 ஊத்துனா நின்னுடும்னு பக்கத்து ஷெட் அண்ணன் சொல்றார், ஊத்தவா?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: வேணாம். ஒரு வேளை புகை கம்மியாகும், ஆனா டர்போ சுத்துறது நிமிஷத்துக்கு லட்சம் ரெண்டு லட்சம் தடவ, பேரிங்குக்கு ஆயில் போற வழி குச்சி மாதிரி சின்னது, காலைல ஸ்டார்ட் பண்ணதும் கெட்டி ஆயில் அங்க போய்ச் சேர லேட்டாகும். மேனுவல்ல போட்டிருக்கிற கிரேடையே ஊத்துங்க, அதுலயே ரெண்டு மூணு கிரேடு அனுமதிச்சிருந்தா அதுல கெட்டியானத எடுத்துக்கலாம். 20 டபிள்யூ 50 கேன் ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா, தெருவுல யாராவது பழைய அம்பாசிடர் வெச்சிருப்பாங்க, கொடுத்துடுங்க.