எடிசனிலிருந்து ரிச்மண்டுக்கு ஆர்.வி.: வாடகை நிஜமாகவே மலிவா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களையும் பிள்ளைகள் இருவரையும் (வயது 4, 9) கூட்டிக்கொண்டு பிலடெல்பியா, கெட்டிஸ்பர்க், வில்லியம்ஸ்பர்க் பார்த்துவிட்டு, ரிச்மண்டில் தம்பி வீட்டில் மூன்று ராத்திரி தங்கித் திரும்பலாம் என்று இருக்கிறோம். மொத்தம் ஒன்பது நாள். 'ஆறு பேர் தூங்கலாம்' என்று போட்டு ஒரு ஆர்.வி. (உள்ளேயே தூங்க வசதியுள்ள வீட்டு வண்டி) நாளுக்கு 169 டாலருக்குக் கிடைக்கிறது. ஹோட்டலில் இரண்டு அறை போடுவதைவிட இது மலிவுதானே?

பதில்: இல்லை. அந்த 169 டாலர் வெறும் வாடகைதான். அதற்கு மேல் மைல் கணக்கு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கணக்கு, இன்சூரன்ஸ், சுத்தம் செய்ய ஒரு கட்டணம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் அதற்குத் தனி அபராதம் எல்லாம் வரும். நீங்கள் சொல்லும் சுற்று எப்படியும் 900 மைலை ஒட்டி வரும். இந்த அளவு வண்டி கேலனுக்கு ஒன்பது மைல் கொடுத்தாலே அதிகம் என்பதால் பெட்ரோல் மட்டுமே 100 கேலன். இதோடு வழியில் தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் வண்டியை நிறுத்தும் கேம்ப்கிரவுண்டுக்கு வாடகை. தம்பி வீட்டில் தூங்கும் மூன்று ராத்திரிக்கும் வாசலில் சும்மா நிற்கும் வண்டிக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு உறுத்துவது அதுதான். அதுவும் வாசலில் நிறுத்த விட்டால்தான். பல குடியிருப்புச் சங்கங்கள் ஆர்.வி. நிறுத்தவே விடுவதில்லை, தம்பியை முதலில் அதை விசாரிக்கச் சொல்லுங்கள். வீட்டு ப்ளக்கில் சொருகி ஏ.சி. போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், சாதாரண 15 ஆம்ப் இணைப்பு ஆர்.வி. ஏ.சி.யைத் தாங்காது.

'ஆறு பேர் தூங்கலாம்' என்றால் ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று அர்த்தம் இல்லை. எத்தனை சீட் பெல்ட், அதில் எத்தனை முன்னோக்கி இருக்கும் இருக்கையில் என்று கேளுங்கள். பக்கவாட்டு இருக்கையில் குழந்தை சீட்டை மாட்டக் கூடாது, சாப்பாட்டு மேசை பெஞ்சிலும் பல வண்டிகளில் அது சரியாகப் பிடிப்பதில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். உங்கள் கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் இன்சூரன்ஸையும் நம்ப வேண்டாம், பெரும்பாலான கார்டுகள் ஆர்.வி.யை விலக்கியே வைத்திருக்கின்றன. உங்கள் சொந்தக் கார் பாலிசி ஆர்.வி.க்குச் செல்லுமா என்பதை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் வழி. ரிச்மண்டிலிருந்து 95ஆம் நெடுஞ்சாலையில் நேராகத் திரும்பினால் பால்டிமோரில் ஃபோர்ட் மெக்ஹென்றி, ஹார்பர் என்று இரண்டு சுரங்கப்பாதைகள். வழக்கமான ஆர்.வி. புரொப்பேன் (எரிவாயு) தொட்டியோடு இரண்டிலும் போக முடியாது. முன்பெல்லாம் கீ பாலம் வழியாகச் சுற்றுவார்கள், 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்தபிறகு 695ஆம் நெடுஞ்சாலையில் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. போன் காட்டும் வழி காருக்கானது, இதெல்லாம் அதற்குத் தெரியாது.

பிலடெல்பியாவுக்கு ஆர்.வி.யே வேண்டாம். பத்து அடிக்கு மேல் உயரமான வண்டி பார்க்கிங் கட்டடத்துக்குள் நுழையாது. எடிசனில் ரயில் ஏறி ட்ரென்டனில் மாறி ஜெஃபர்சன் ஸ்டேஷனில் இறங்கினால், சுதந்திரப் பிரகடனமும் அரசியலமைப்பும் கையெழுத்தான இண்டிபென்டன்ஸ் ஹால் நடக்கும் தூரம்தான். நேரம் குறித்த டிக்கெட்டை அரசு இணையதளத்திலேயே எடுங்கள், முன்பதிவுக் கட்டணம் 1 டாலர். அதையே 'டூர்' என்று பெயர் மாற்றி பல மடங்குக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். லிபர்ட்டி பெல் என்ற புகழ்பெற்ற மணியைப் பார்க்க டிக்கெட்டே கிடையாது. கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, மியூசியத்துக்கு மட்டும் உண்டு. ஆக, இந்த இரண்டு இடங்களுக்காக 80 டாலர் தேசியப் பூங்கா பாஸ் வாங்காதீர்கள்.

நானாக இருந்தால் எட்டுப் பேர் உட்காரும் மினிவேன் வாடகைக்கு எடுத்து, வழியில் இரண்டு அறை போட்டு, தம்பி வீட்டில் நிம்மதியாகத் தங்குவேன். பிள்ளைகள் ஆர்.வி.தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சரி, கெட்டிஸ்பர்க்குக்கு மட்டும் ஒரு வார இறுதி எடுங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் அங்கே 24 மைல் வண்டிச் சுற்று இருக்கிறது.

கேள்வி: எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், வாடகை வண்டியைக் கையில் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கூரையை. மரக்கிளை, தாழ்ந்த பாலம் இடித்து வரும் கூரைச் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் இன்சூரன்ஸில் சேர்ப்பதே இல்லை, முன்பணத்தில் கழித்துவிடுவார்கள். ஏணி கேட்டு ஏறி வீடியோ எடுங்கள், வெயில் மறைப்புத் துணியை விரித்துப் பார்த்து அதையும் எடுங்கள். வண்டியின் சரியான உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். ஏ.சி., ஃபிரிட்ஜ், வெந்நீர், டாய்லெட் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரிசையில் ஆள் நிற்கிறது என்று அவசரப்படுத்தினாலும் எல்லாம் பார்த்து முடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.