லித்தியம் மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: 34 வயதாகும் என் தம்பி, இருமுனை மனநோய்க்காக 4 ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் 900 மில்லிகிராம் லித்தியம் எடுத்துக்கொள்கிறான். கடந்த 3 ஆண்டுகளாக நோய் திரும்பவில்லை. அண்மைப் பரிசோதனையில் இரத்தத்தில் லித்தியம் 0.7 என்று வந்தது. அவனோடு பணிபுரியும் ஒருவர் இதே நோய்க்கு 600 மில்லிகிராம் மட்டுமே எடுக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து, "நானும் ஒரு மாத்திரையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறான். குறைக்கலாமா?

பதில்: அவராகக் குறைக்க வேண்டாம். லித்தியத்தை உடல் சிதைப்பதில்லை. ஏறக்குறைய முழுவதையும் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. அதனால் ஒரே அளவு மாத்திரை, சிறுநீரகத்தின் திறனையும் வயதையும் உடல் எடையையும் பொறுத்து, இருவரின் இரத்தத்தில் வெவ்வேறு அளவாக நிற்கும். நண்பருக்கு 600 மில்லிகிராமே 0.7 அளவைத் தரலாம். அல்லது அவர் வேறொரு மருந்தும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்தவரின் மருந்துச் சீட்டு இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது.

நீண்டகாலச் சிகிச்சையில் பெரும்பாலோருக்கு நாங்கள் நாடுவது லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரையிலான அளவு. மூன்றில் ஒரு பங்கு மருந்தைக் குறைத்தால் இரத்த அளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கும் என்பதால், தம்பியின் 0.7 அநேகமாக 0.5-க்கும் கீழே போய்விடும். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 0.4 முதல் 0.6 வரை இறக்கி வைப்பதும் உண்டு. ஆனால் அது மருத்துவர் காரணம் பார்த்து, படிப்படியாகச் செய்வது. திடீரென நிறுத்துவதோ இன்னும் மோசம். மிகையெழுச்சி, அதாவது இந்நோயில் வரும் அளவுமீறிய உற்சாக நிலை, விரைவாகத் திரும்பக்கூடும். நிறுத்தியே ஆக வேண்டுமானால்கூட, குறைந்தது 4 வாரங்களுக்கு, முடிந்தால் 3 மாதங்களுக்குப் பரப்பிக் குறைப்பதே முறை.

அந்த 0.7-ஐ நம்புவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் இரத்தம் எடுத்தார்களா? முன்னதாக எடுத்திருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அளவை மாற்றினால், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றுக்கு 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை போதும்.

மாத்திரை மாறாமலேயே இரத்த அளவு ஏறுவதும் உண்டு. உடல்வலிக்குக் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், சில இரத்த அழுத்த மருந்துகள், வாந்தி பேதியால் நீர் வற்றுதல், உணவில் உப்பைத் திடீரெனக் குறைத்தல் ஆகிய எல்லாமே அளவை உயர்த்தும். கை பலமாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த மாத்திரையைத் தராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று: நன்றாக இருப்பவர் மாத்திரையைக் குறைக்க விரும்புவதன் பின்னால், வெளியே சொல்லாத ஒரு தொந்தரவு பல நேரங்களில் இருக்கும். இலேசான கை நடுக்கம், ஓயாத தாகம், எடை கூடுதல், மந்தம் ஏதாவது உண்டா என்று தம்பியிடம் கேட்டு, அதை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.