எல்லோரும் வாசிக்காத சொனாட்டாவை மகள் வாசிக்கலாமா?

ஐயா, வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் ஜனவரி மாதப் பியானோ போட்டியில் எதை வாசிப்பது என்பதில் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியை ஹைடனின் பி மைனர் சொனாட்டாவின் (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட ஒரு வாத்திய உருப்படி) கடைசிப் பகுதி என்கிறார். நீங்கள் பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவின் கடைசிப் பகுதி என்கிறீர்கள். யாருக்கும் தெரியாத உருப்படியை வாசித்தால் நடுவர் எதை வைத்து மதிப்பெண் போடுவார் என்பது உங்கள் கவலை.

நான் ஆசிரியை பக்கம்தான். ஆனால் ‘வித்தியாசமாக இருக்கும்’ என்ற அவருடைய காரணத்துக்காக அல்ல. வித்தியாசம் என்பதற்கு மட்டும் எந்த நடுவரும் மதிப்பெண் கொடுப்பதில்லை.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹைடன் ஐம்பதுக்கும் மேற்பட்ட பியானோ சொனாட்டாக்கள் எழுதினார். மாணவர்கள் சுற்றிச்சுற்றி வாசிப்பது அவற்றில் சிலவற்றைத்தான். 1776 வாக்கில் வந்த இந்த பி மைனர் சொனாட்டா அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குப் புதிதாக இருக்கலாம்; நடுவர் மேசைக்குப் புதிதல்ல. மூன்லைட்டின் கடைசிப் பகுதியோ ஒவ்வொரு நடுவருக்கும் மனப்பாடம். எந்த வேகம், எந்த இடத்தில் பெடல், யாருடைய ஒலிப்பதிவு என்று ஒரு முடிந்த உருவம் அவர் காதில் ஏற்கெனவே இருக்கும். அதே நாளில் வேறு இரண்டு பிள்ளைகளும் அதையே வாசித்தால் உங்கள் மகளை அவர்களோடும் ஒப்பிடுவார்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. இந்தப் பெண் இசையையே பட்டப்படிப்பாக எடுக்க விரும்புகிறாள் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். போட்டி ஒரு நாள் காரியம். கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியின் சேர்க்கைக்கு வாசித்துக் காட்டும் ஆடிஷன்தான் அவளுடைய உண்மையான நுழைவுத் தேர்வு. அங்கே பல இடங்களில் பாக்கின் ஒரு பிரெலூடும் ஃபியூகும் (முன்னுரை போன்ற ஒரு உருப்படியும், அதைத் தொடரும் பல குரல் உருப்படியும்), ஒரு எட்யூட் (விரல் நுட்பத்துக்கான உருப்படி), ஒரு முழு செவ்வியல் சொனாட்டா என்ற மாதிரி கேட்பார்கள். சொனாட்டாவுக்கு ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன், சில இடங்களில் ஷூபர்ட் என்று பெயர் குறிப்பிட்டே கேட்பதும் உண்டு. ஆகவே இன்று போட்டிக்கு எடுக்கும் ஒரு பகுதி, அடுத்த வருடம் வாசிக்கப்போகும் முழு சொனாட்டாவுக்குக் கொடுக்கும் முன்பணமாக இருக்க வேண்டும். பரிசு கிடைக்காவிட்டாலும் அந்த உழைப்பு வீணாகாது. ஹைடனின் பி மைனரில் மூன்றே பகுதிகள், நடுவில் மெதுவான பகுதிக்குப் பதிலாக ஒரு மினுவெட் (மூன்று தட்டு நடன இசை); முழுவதும் ஏறக்குறைய கால்மணி நேரத்தில் அடங்கும். பிளஸ் டூ படிப்போடு சேர்த்துச் சுமக்கக்கூடிய எடை.

அரிதான உருப்படி, ஆனால் பட்டியலில் உள்ள இசையமைப்பாளர்: நான் சிபாரிசு செய்வது இந்தச் சேர்க்கையைத்தான். அரிது என்பதற்காகப் பட்டியலுக்கே வெளியே போகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்சார்ட் காலத்து இசையமைப்பாளர் க்ளெமென்டியின் எஃப் ஷார்ப் மைனர் சொனாட்டா மிக அழகானது. பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் 1950களில் க்ளெமென்டியின் சொனாட்டாக்களை ஒலிப்பதிவு செய்தார். ஃபேனி ஹென்சலின் ‘ஈஸ்டர்’ சொனாட்டா 1828இல் எழுதப்பட்டு, நெடுங்காலம் தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் படைப்பு என்று கருதப்பட்டது. சமீப ஆண்டுகளில்தான் ஃபேனியின் சொந்தப் பெயரில் மேடையேறியது. இரண்டும் போட்டிக்கு நல்ல தேர்வுகளே. ஆனால் பெயர் குறிப்பிட்டுக் கேட்கும் ஆடிஷனில் இவை செவ்வியல் சொனாட்டா கணக்கில் சேராமல் போகலாம். அப்போது உங்கள் மகள் இன்னொரு சொனாட்டாவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

க்ளெமென்டி பெயர் வந்ததால் ஒரு செய்தி. 1781 டிசம்பர் 24 அன்று வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் முன்னால் மோட்சார்ட்டும் க்ளெமென்டியும் பியானோ வாசிப்பில் மோதினார்கள். க்ளெமென்டி வாசித்தது தன்னுடைய பி ஃபிளாட் சொனாட்டாவை. வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. மோட்சார்ட் பிறகு தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் க்ளெமென்டியை வெறும் இயந்திரம் என்று திட்டினார். ஆனால் பத்து வருடம் கழித்து எழுதிய ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவின் தொடக்க இசையில் அதே சொனாட்டாவின் தொடக்க மெட்டை ஒத்த ஒன்று ஒலிக்கிறது. எதிராளியின் காதிலேயே தங்கிவிடும் உருப்படி என்றால் அதுதான்.

சரி, ஹைடனின் கடைசிப் பகுதிக்கு வருவோம். ஆசிரியை ஏன் இதைச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் ஒரு மெட்டு, ‘பிரெஸ்டோ’ என்ற மிக விரைந்த வேகத்தில், ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவுகிறது. இடது கை ஒளிந்துகொள்ள இடமே இல்லை. முடிவில் இரண்டு கைகளும் கோர்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) எதுவும் இல்லாமல் ஒரே மெட்டைச் சேர்ந்து அடித்து முடிக்கின்றன. உரக்க, மெல்ல என்ற குறிப்புகளை ஹைடன் ஏறக்குறைய எழுதவே இல்லை. எதை எப்படிச் சொல்வது என்று அவளே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைத்தான் நடுவர் கேட்கப்போகிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்புகளில் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் குறிகளைச் சேர்த்திருப்பார்கள். மூலப் பிரதியை ஒட்டிய ‘ஊர்டெக்ஸ்ட்’ பதிப்பை வாங்கிக் கொடுங்கள். நகலெடுத்த தாளை அனுமதிக்காத போட்டிகளும் உண்டு, அதற்கும் இந்தப் புத்தகம் உதவும்.

ஆனால் திரும்பத் தட்டும் சுரங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டில் இருப்பது நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோ என்கிறீர்கள். படுக்கைவாட்டில் நீண்ட கிராண்ட் பியானோவில், அழுத்திய கட்டை (விசை) முழுவதும் மேலே வருவதற்கு முன்பே அதே சுரத்தை மறுபடி ஒலிக்கச் செய்யலாம். செபாஸ்டியன் எரார் கண்டுபிடித்து, 1821இல் காப்புரிமை பெறப்பட்ட பொறியமைப்பு செய்யும் வேலை அது. சாதாரண அப்ரைட்டில் அந்த உறுப்பு கிடையாது. கட்டை ஏறக்குறைய முழுவதும் எழும்பி வந்தால்தான் அடுத்த அடி விழும். வேகம் கூடும்போது சில சுரங்கள் ஊமையாகிவிடும். பிள்ளை தன் விரல்மேல் பழிபோட்டுக்கொண்டு இன்னும் பலமாகத் தட்ட ஆரம்பிப்பாள். அந்தப் பழக்கத்தோடு கிராண்டில் உட்கார்ந்தால் ஒலி முரட்டுத்தனமாக வரும். போட்டி அரங்கில் எந்தப் பியானோ என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேளுங்கள். கிராண்ட் என்றால், டிசம்பரில் சில தடவையாவது ஒரு கிராண்டில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வாடகைக்கு ஆகும் பணத்தை வீண் என்று எண்ணாதீர்கள். அப்ரைட் என்றால், அதே சொனாட்டாவின் முதல் பகுதிக்கு மாறச் சொல்லி ஆசிரியையிடம் பேசுங்கள். அது நிதானமான வேகம். அலங்காரங்கள் நிறைய இருந்தாலும் இந்தச் சிக்கல் இருக்காது.

போட்டி விதிமுறையை மறுபடி படியுங்கள். ‘சொனாட்டாவின் ஒரு பகுதி’ என்பதும் ‘சொனாட்டா வடிவத்தில் (மெட்டுகளை அறிமுகப்படுத்தி, விரித்து, மறுபடி கொண்டுவரும் அமைப்பில்) அமைந்த பகுதி’ என்பதும் ஒன்றல்ல. மோட்சார்ட்டின் கே 331 என்ற எண்ணுள்ள சொனாட்டாவின் முதல் பகுதி ஒரே மெட்டின் மாறுபாடுகளின் தொகுப்பு. பீத்தோவனின் ஒப்பஸ் 26 சொனாட்டாவில் சொனாட்டா வடிவப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. ஹைடனின் கடைசிப் பகுதி இரண்டு விதிக்கும் பொருந்தும். ஏழு நிமிட வரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்லைட்டின் கடைசிப் பகுதியை மறுவாசிப்போடு வாசித்தால் அந்தக் கோட்டை உரசும், நடுவர் மணியடித்து நிறுத்தவும் கூடும். ஹைடனில் அந்தக் கவலை இல்லை.

விண்ணப்பத்தில் ஹோபோகன் எண்ணை (ஹைடனின் படைப்புகளுக்கு ஹோபோகன் என்பவர் போட்ட பட்டியல் எண்) எழுதுங்கள்: 16:32. சில பதிப்புகளில் இதே சொனாட்டாவுக்கு 47 என்று எண் போட்டிருக்கும், அது லாண்டன் என்ற இன்னொரு ஆய்வாளரின் வரிசை. ஆனால் ஹோபோகன் 16:47 முற்றிலும் வேறொரு சொனாட்டா. அட்டையைப் பார்த்து 47 என்று எழுதிவிட்டால் பெயர்ப் பட்டியலில் ஒன்றும் மேடையில் ஒன்றுமாகிவிடும்.

கடைசியாக நாள்காட்டி. பிரிட்டனின் கன்சர்வேட்டரிகளுக்கு ‘யூகாஸ்’ என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும் கெடு, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய வருடம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். உங்கள் மகளுக்கு அது பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு முடியும் சமயம். இசைத் தேர்வு வாரியங்களின் எட்டாம் கிரேடு சான்றிதழுக்கு அங்கே சேர்க்கைப் புள்ளிகள் உண்டு என்றாலும் கன்சர்வேட்டரிகள் முடிவெடுப்பது வாசிப்பைக் கேட்டுத்தான். வெளிநாட்டு மாணவர்களிடம் ஒளிப்பதிவை ஏற்கும் இடங்களும் இருக்கின்றன. வெளிநாட்டு மாணவர்க்கான கட்டணம் வருடத்துக்கு 20,000 பவுண்டைத் தாண்டும். உதவித்தொகை கிடைக்காவிட்டால் என்ன என்பதை இந்தக் கோடையிலேயே வீட்டில் பேசி முடிவெடுங்கள். சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியின் படிப்புகளையும் அதே தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டி முடிந்ததும் நடுவர்களின் கருத்துத் தாளைக் கேட்டு வாங்கி, மதிப்பெண்ணோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்; மினுவெட்டை எப்போது தொடங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.