பிரஷர் குடும்பத்தில் இன்சுலின் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு ஊர் தங்கச்சிமடம். வயது 31. அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். அவருக்கும் அவர் கூடப் பிறந்த இரண்டு பேருக்கும் பிரஷர். அப்பத்தா பக்கவாதம் வந்து படுத்துத்தான் இறந்தார். ஆனால் எங்கள் வீட்டில் சுகர் யாருக்கும் கிடையாது. நான் என் வீட்டுக்காரரின் ஐஸ் கம்பெனிக் கணக்கை உட்கார்ந்து பார்க்கிறேன். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று காட்டியபோது, வெறும் வயிற்றில் சுகர் 97, பிரஷர் 126/82. “சுகர் இல்லை, இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது” என்றார்கள். எடை 57 கிலோதான். கழுத்தின் பின்பக்கம் கருத்துவிட்டது, பயத்தமாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இது எங்கிருந்து வந்தது? என் இரண்டு பிள்ளைகளுக்கும் வருமா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முதலில் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள் சகோதரி. அது அழுக்கு இல்லை. இரத்தத்தில் இன்சுலின் தேவைக்கு மேல் சுற்றினால் அந்த இடத்துத் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கருத்துப்போகும். தேய்த்தால் புண்தான் ஆகும். மாதவிடாய் தள்ளிப்போவதற்கும் பெரும்பாலும் இதே வேர்தான்.

சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அது இன்சுலின் சொல்லுக்கு மசியாமல் போவதுதான் இன்சுலின் எதிர்ப்பு. அப்போது கணையம் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று சுரந்து சமாளிக்கும். அதனால் பல வருடம் ரிப்போர்ட் நன்றாகவே வரும். உங்கள் 97 அப்படிப்பட்ட 97. ஆனால் சிறுநீரகம் தசையைப் போல அடம்பிடிப்பதில்லை. கூடுதலாக வரும் இன்சுலினின் பேச்சைக் கேட்டு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நரம்புகளும் முடுக்கிவிடப்படுகின்றன, இரத்தக் குழாய் தளர வேண்டிய நேரத்தில் தளர்வதில்லை. பிரஷர் ஏறும் வழிகளில் இதுவும் ஒன்று.

அதனால்தான், “எங்கள் வீட்டில் சுகர் கிடையாது” என்று யார் சொன்னாலும் “பிரஷர் உண்டா?” என்று அடுத்துக் கேட்பேன். 1987இல் இத்தாலியில் பெரான்னினி குழுவினர் பருமனும் இல்லாத, சுகரும் இல்லாத பிரஷர்காரர்களைச் சோதித்தார்கள். அவர்களுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. மறு வருடம் அமெரிக்க டாக்டர் ஜெரால்ட் ரீவன் பிரஷர், இன்சுலின் எதிர்ப்பு, கொழுப்புக் கோளாறு எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகக் காட்டினார். 1990களின் தொடக்கத்தில் பிரஷர்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்தபோது, பிரஷர் சரியாக இருந்த வயதிலேயே பலருக்கு இன்சுலின் அதிகமாக இருந்தது. பிரஷர் உள்ள எல்லோருக்கும் இது இருக்கும் என்றில்லை. சுமார் பாதிப் பேருக்கு இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு ஏன் சுகர் வரவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். பாம்பனிலிருந்து தொண்டி வரை என்னிடம் வரும் குடும்பங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வலை இழுத்த தகப்பனுக்கு ஐம்பதுக்கு மேல் பிரஷர் மட்டும். நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்கு முப்பதிலேயே வயிறும் கொழுப்பும். தகப்பனின் தசை தினமும் உழைத்ததால் குடும்பத்தில் இருந்தது வெளியே தெரியவில்லை. வம்சத்தில் வருவது ஒரு சாய்மானம்தான். அதைத் தள்ளுவது ஒரு ஜீன் இல்லை, பல ஜீன்கள். போதாததற்கு ஒரே அடுப்புச் சோறு, ஒரே கருவாட்டுக் குழம்பு.

57 கிலோ என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். தையல்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் கவனம் தேவை. இன்சுலின் அளவு பார்க்கும் டெஸ்டுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்ட வேண்டாம். அந்தக் காசில் ட்ரைகிளிசரைடும் (இரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) எச்டிஎல்லும் (நல்ல கொழுப்பு) பாருங்கள். முதலாவது 150க்கு மேல், பெண்ணுக்கு இரண்டாவது 50க்குக் கீழ் என்றால் இன்சுலின் எதிர்ப்புக்கு அது இன்னொரு அடையாளம்.

சரி, என்ன செய்யலாம்? தசைக்கு வேலை கொடுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், சுகர் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் நடையாலும் சாப்பாட்டு மாற்றத்தாலும் மட்டுமே சுகர் நோய்க்குள் விழுவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரைக்குக் கிடைத்தது 26.4. தினமும் அரைமணி வேகநடை போங்கள், கணக்குப் பார்க்கும்போது நடுநடுவே எழுந்திருங்கள். சோற்றைக் குறைத்துப் பச்சை மீனைக் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு வைக்கும் அன்றைக்கு அப்பளம், ஊறுகாய் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு இப்போதே இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்த வேண்டாம். எடை கூடினாலோ, கழுத்து கருத்தாலோ காட்டுங்கள். பதினெட்டுக்கு மேல் வருடம் ஒருமுறை பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். அப்புறம், அப்பாவின் பிரஷர் மாத்திரை ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

கேள்வி: எனக்கும் சுகர் எல்லைக்கோட்டில் இருக்கிறது. டீயில் சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுக்கொள்கிறேன், எங்கள் ஊர்ச் சரக்கு. தப்பில்லையே?
— வாசகர், சாயல்குடி

பதில்: மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு அதே சர்க்கரைதான், இரத்தத்தில் ஏறவே செய்யும். நாளைக்கு எத்தனை டீ என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு டீயில் மட்டும் கருப்பட்டி போட்டுக்கொள்ளுங்கள், மற்றதை இனிப்பில்லாமல் குடியுங்கள்.