வரிப் படிவத்தில் ‘ஏலியன்’ என்று இருக்கிறதே?

எச்-1பி வேலை விசாவில் போன செப்டம்பர் கடைசியில் முதன்முதலாக அமெரிக்கா வந்திருக்கிறீர்கள். வரி கட்டப் போனால் ‘ரெசிடென்ட் ஏலியனா, நான்ரெசிடென்ட் ஏலியனா’ என்று கேட்கிறார்கள், நம்மை வேற்றுக்கிரகவாசி என்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. நியூஜெர்சி வந்த புதிதில் இதே வார்த்தையைப் பார்த்துவிட்டு நானும் ஊருக்குப் போன் போட்டுச் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் கொஞ்சம் உறுத்தியது.

வார்த்தை பாவம், அதன்மேல் குற்றமில்லை. லத்தீனில் ‘அலியுஸ்’ என்றால் வேறு, மற்றது. அதிலிருந்து ‘அலியேனுஸ்’, மற்றவருக்கு உரியது. பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பறக்கும் தட்டில் ஏற்றி அனுப்பியதெல்லாம் 20-ஆம் நூற்றாண்டுக் கதைக்காரர்கள். ‘இன்னார் அலயாஸ் இன்னார்’ என்கிறோமே, அந்த அலயாஸும், ‘சம்பவம் நடந்தபோது நான் வேறிடத்தில் இருந்தேன்’ என்று கோர்ட்டில் சொல்லும் அலிபியும் இதற்குப் பங்காளிகள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பங்காளி ‘ஏலியனேஷன்’. சொத்தைப் பிறர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதைச் சட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நம்மூர்ப் பத்திரங்களில் அதற்கு என்ன சொல் தெரியுமா? பராதீனம். பர என்றால் பிறர், அதீனம் என்றால் வசம். ரோமாபுரிக்காரனும் நம்மூர்ப் பத்திர எழுத்தரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து படிவத்தில் ஏலியன் என்று பார்த்தால் ‘பிறத்தியான்’ என்று மனசுக்குள் படித்துக்கொள்கிறேன். அதுவும் ஒன்றும் தேன் தடவிய சொல் இல்லைதான்.

சட்டத்தில் இது பழைய சரக்கு. 1798-லேயே, ஜான் ஆடம்ஸ் ஜனாதிபதியாக இருந்தபோது, ஏலியன்கள் மேல் சட்டம் போட்டிருக்கிறார்கள். 1940-இல் 14 வயதும் அதற்கு மேலும் ஆன பிறநாட்டார் எல்லோரும் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். 1952-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்திலும் இதே சொல்தான். கலிஃபோர்னியா தன் தொழிலாளர் சட்டத்திலிருந்து 2015-இல் இந்தச் சொல்லை எடுத்துவிட்டது.

சரி, உங்கள் படிவத்துக்கு வருவோம். வரிக் கணக்கில் ‘ரெசிடென்ட்’ (இங்கே குடியிருப்பவர்) என்பது நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டை மட்டும் வைத்து இல்லை, நாள் கணக்கிலும் வரும். அந்த வருடத்தில் 31 நாளாவது இருந்திருக்க வேண்டும். அதோடு அந்த வருட நாட்கள் முழுசாக, முந்தின வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் முந்தினதில் ஆறில் ஒரு பங்கு, எல்லாம் கூட்டினால் 183 வர வேண்டும். உங்களுக்கு டிசம்பர் வரை 100 நாள்கூடத் தேறாது. ஆகவே போன வருடத்துக்கு நான்ரெசிடென்ட், படிவம் 1040-என்.ஆர். கல்யாணமாகியிருந்தால் வேறு வழிகளும் உண்டு, வரிக் கணக்கர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அடுத்த மாதம் வீடு மாறுவதாக எழுதியிருக்கிறீர்களே, மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏ.ஆர்-11 படிவம் போட்டுவிடுங்கள். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. அதன் பெயரே ‘ஏலியனின் முகவரி மாற்ற அட்டை’தான்.