பென்ஷன் பணத்தை எடுத்துவிடட்டுமா, அக்கா?

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். வயது 43. பேசிக், டிஏ சேர்த்து மாதம் 12,000 ரூபாய். சேர்ந்து ஏழு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. இடுப்பு வலி தாங்க முடியவில்லை. மகனுக்கு காலேஜ் ஃபீஸ் வேறு கட்ட வேண்டும். வேலையை விட்டால் பிஎஃப்போடு பென்ஷன் பணத்தையும் மொத்தமாக வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். எடுத்துவிடட்டுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: பென்ஷன் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், தங்கச்சி.

முதலாளி உங்கள் பேரில் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. உங்கள் சம்பளத்துக்கு மாதம் ஏறக்குறைய 1,000 ரூபாய். இப்போது 10-சி படிவம் போட்டு எடுத்தால் சுமார் ஏழரை மாதச் சம்பளம், 90,000 ரூபாய் வாக்கில் வரும். அதோடு அந்த ஏழு வருஷ சர்வீஸும் அழிந்துபோகும்.

பத்து வருஷம் முடித்தால் கணக்கே வேறு. சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 12,000 பெருக்கல் 10, வகுத்தல் 70 என்றால் மாதம் 1,714 ரூபாய். 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க வரும். புரோக்கர் காட்டும் 90,000-ஐ நான்கரை வருஷத்தில் தாண்டிவிடுவீர்கள். உங்களுக்குப் பிறகு வீட்டுக்காரருக்கும் பென்ஷன் உண்டு.

1,714 பெரிய தொகை இல்லைதான். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்துவிட்டு, பத்து வருஷம் கடந்தும் உயர்த்தாமல் வைத்திருந்தது பெரிய அநியாயம். ஆனால் அதுகூட இல்லாத முதுமையை என் வீட்டிலேயே பார்க்கிறேன். என் அக்கா ஸ்பின்னிங் மில்லில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். அம்மாவின் ஆபரேஷனுக்காக 2006-ல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். பணத்துக்குப் பதில் பென்ஷன் சர்வீஸுக்கான சர்டிபிகேட் வாங்கி வைத்தால் அடுத்த மில் சர்வீஸோடு சேரும் என்று அன்றைக்கு ஆபீசில் ஒருத்தரும் சொல்லவில்லை. அடுத்த மில்லில் ஆறு வருஷம். அதுவும் தனியாக நின்றுபோனது. மொத்தம் 14 வருஷம் உழைத்தவளுக்கு இன்று பென்ஷன் இல்லை. மாத்திரை வாங்க மருமகளிடம் கேட்கிறாள்.

உங்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் எட்டு மாதம்தான். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருஷமாக எடுப்பார்கள் என்பது விதி. ஆனாலும் சம்பளம் இல்லாத நாட்கள் கழியும் என்பதால் பத்தை முழுசாக முடியுங்கள். இதே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. வேறு இடம் போனாலும் உங்கள் பிஎஃப் கணக்கின் அடையாள எண்ணான பழைய யுஏஎன் நம்பரையே கொடுங்கள். நடுவில் வேலையே இல்லாவிட்டால் அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதில் 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேளுங்கள். சர்வீஸ் உயிரோடு இருக்கும்.

ஃபீஸுக்கு வேலையை விட வேண்டியதே இல்லை. பிள்ளையின் மேல்படிப்புக்கு பிஎஃப் பகுதியிலிருந்து முன்பணம் எடுக்கலாம்; ஏழு வருஷம் முடித்த உங்களுக்குத் தகுதி இருக்கிறது. பென்ஷன் பகுதி தொடப்படாது. ஆன்லைனில் விண்ணப்பிக்க புரோக்கரும் தேவையில்லை.

இடுப்பு வலிக்குத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும். மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களே, அது இதற்குத்தான். இஎஸ்ஐ டாக்டர் ஓய்வு எழுதினால், வருஷத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். தொடர்ந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சிக்கல் இல்லை. அந்த உதவித்தொகை வாங்கும் காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்க சட்டம் விடாது. சூப்பர்வைசர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இந்த வாரமே டிஸ்பென்சரிக்குப் போங்கள். டாக்டர் கொடுக்கும் சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு கம்பெனிக்குச் சொல்லுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.