நல்ல டாக்டராக இருந்தால் போதாதா? தலைமைப் பயிற்சி தனியாக எதற்கு?

போதாது. எம்.பி.பி.எஸ். நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும். பத்துப் பேரிடம் வேலை வாங்கச் சொல்லித்தராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இது உறைத்தது. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டில் இரண்டு நாள் காலியாக இருந்தது. எல்லோர் முன்னாலும் நர்ஸ் அக்காவிடம் சத்தம் போட்டேன். மறுநாளிலிருந்து பதிவேடு அழகாக நிரம்பியது: காலை 4 டிகிரி, மாலை 4 டிகிரி, தினமும் அதே 4. யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லை! தப்பைச் சொன்னால் திட்டு விழும் என்று நானே கற்றுக்கொடுத்திருந்தேன்.

மருத்துவத்தில் தலைமை என்பது பெரும்பாலும் இதுதான்: கீழே இருப்பவர் பயமில்லாமல் வாய் திறக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் மொத்தம் 19 அம்சங்கள். அதில் ஒன்று, கத்தி வைக்கும் முன் குழுவில் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்வது. விளையாட்டாகத் தோன்றும். ஆனால் ஒருமுறை பேசிவிட்டவர், அறுவையில் பயன்படுத்திய பஞ்சுகளை எண்ணும்போது ஒன்று குறைந்தால் தயங்காமல் சொல்வார். எட்டு நகரங்களில் பட்டியலைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009இல் முடிவு வெளியானது.

இதைக் கற்றுத்தர இரண்டு நாள் ஹோட்டல் பயிலரங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹவுஸ் சர்ஜனிடம் (பயிற்சி மருத்துவரிடம்) வாரம் ஒருநாள் வார்டு கூட்டத்தை ஒப்படையுங்கள். மூத்தவர் ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும். கூட்டம் முடிந்ததும் தனியாக அழைத்து, யாரைப் பேசவிடவில்லை என்று மட்டும் சொல்லட்டும்.